வீட்டின் குடிவாரம்

சேத்தூரில் எங்கள் வளவின் மூன்றாவது வீடு காலியானதும், வெள்ளை அடிக்க ஆள் விடுவதற்கு முன்னால் ஒருமுறை பார்த்துவிடலாம் என்று போனேன். ஏழு ஆண்டுகள் ஒரு குடும்பம் இருந்துவிட்டுப் போன வீடு. தரையைப் பெருக்கி, தண்ணீர் விட்டுக் கழுவியிருந்தார்கள். அடுப்படி மேடையில் எண்ணெய்ப் பிசுக்கு இல்லை. சாமான் ஏற்றிய அவசரத்திலும் வீட்டைக் கழுவி விட்டுவிட்டுத்தான் வண்டியேற வேண்டும் என்று அந்த அம்மாவுக்குத் தோன்றியிருக்கிறது. மேற்கு ஜன்னலைத் திறந்தேன். மலைக்காற்றோடு மாலை வெளிச்சம் உள்ளே வந்து சுவரில் சாய்வாக விழுந்தபோதுதான் அவை கண்ணில் பட்டன. சுவரின் நிறத்தோடு ஒட்டாத சின்னச் சின்ன வெள்ளைப் பொட்டுகள், பதினொன்று. ஆணி அடித்த துளைகள். பற்பசை வைத்து அடைத்திருந்தார்கள்.

குடிவந்த அன்று பால் காய்ச்சி எங்களுக்கும் ஒரு டம்ளர் கொடுத்தார்கள். அதைக் குடித்துக்கொண்டே என் தகப்பனார் சொன்ன முதல் வார்த்தை, "சுவத்துல மட்டும் ஆணி அடிச்சிராதீங்க" என்பதுதான். வாடகைக்கு விடுகிற எவரும் சொல்கிற வார்த்தை. அதில் கொடுமை ஒன்றும் இல்லை. பக்கத்தில் நின்று கட்டிய சுவர் என்ற பாசம் இருந்தது. அவர்களும் தலையாட்டினார்கள். பிறகு ஏழு ஆண்டுகளில் பதினொரு முறை அந்த வார்த்தையை மீறி, போகும்போது ஒவ்வொன்றையும் அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள்.

துளைகள் இருந்த உயரத்தைப் பார்த்தே எது எதற்கென்று சொல்ல முடிந்தது. கிழக்குச் சுவரில் தலைக்கு மேலே வரிசையாக மூன்று, சாமி படங்களுக்கு. வாசலை ஒட்டி ஒன்று, நாள்காட்டிக்கு. அடுப்படியில் இரண்டு. இடுப்புயரத்தில் அருகருகே இரண்டு; பிள்ளைகள் தம் கைக்கு எட்டும் உயரத்தில் புத்தகப் பையை மாட்டியிருக்கிறார்கள். கதவுக்குப் பின்னால் ஒன்று. ராஜபாளையத்தில் மில்லில் இரவு ஷிப்ட் முடித்து விடிந்தபின் வீடு திரும்பும் மனிதர் சட்டையைக் கழற்றி மாட்ட. மிச்சம் இரண்டும் எதற்கென்று எனக்குப் பிடிபடவில்லை. பிடிபடாமல் போனதுதான் என்னை அங்கே வெகுநேரம் நிறுத்தி வைத்தது. என் பெயரில் பட்டா இருக்கிறது, தீர்வை ரசீது இருக்கிறது, மூலப்பத்திரம் பீரோவில் இருக்கிறது. ஆனால் இந்தச் சுவரில் ஏழு ஆண்டுகள் என்ன நடந்தது என்பது எனக்குத் தெரியாது.

வாடகைக்கு விடுவதற்கென்றே ஒரு வீடு வாங்கிப் போடலாம் என்ற எண்ணம் இன்று நம்மில் பலருக்கும் இருக்கிறது. திருப்பூரிலும் சென்னையிலும் கடல் கடந்தும் சம்பாதிக்கிறவர்கள், ஊர்ப்பக்கம் மனை வாங்கி இரண்டு போர்ஷன் எழுப்பிவிட்டால் வயதான காலத்துக்கு ஆகும் என்று நினைக்கிறார்கள். அந்த நினைப்பில் பேராசை இல்லை. உழைக்க முடியாத நாளில் யார் கையையும் எதிர்பார்க்கக் கூடாதே என்ற அச்சம் இருக்கிறது. பிள்ளைகளுக்கு எதையாவது விட்டுப் போக வேண்டும் என்ற தவிப்பு இருக்கிறது. இந்த இரண்டும் மதிக்கத்தக்கவை. பத்திரம் பார்ப்பது, வில்லங்கம் போட்டுப் பார்ப்பது, அப்ரூவல் கேட்பது என்று வாங்குவதற்கு முன் செய்ய வேண்டியவற்றை எல்லாரும் அறிவோம். அறியாமல் இறங்குகிற இடம் வேறு.

கணக்கை மட்டும் ஒருமுறை நேராகப் பார்த்துவிடுவோம். முப்பது லட்சம் போட்டு எழுப்பிய வீடு மாதம் 7,000 ரூபாய் வாடகை தருவதாக வைத்துக்கொண்டால், ஆண்டுக்கு 84,000. போட்ட பணத்துக்கு நூற்றுக்கு மூன்று ரூபாய்கூட வரவில்லை. ஆடியிலும் மார்கழியிலும் வீடு மாறுவோர் குறைவு. அந்த நேரம் காலியானால் ஒரு மாதம், இரண்டு மாதம் பூட்டியே கிடக்கும். மோட்டார் பழுதாகும், தார்சில் வெடிப்பு விழும், ஒரு குடும்பம் போய் இன்னொன்று வருவதற்குள் சுவருக்குப் பூச்சு வேண்டும். இருபது லட்சத்தை 9 சதவீத வட்டிக்கு இருபது ஆண்டுத் தவணையில் கடனாக வாங்கியிருந்தால் மாதம் ஏறக்குறைய 18,000 கட்ட வேண்டும். வாடகையே தவணையைக் கட்டிவிடும் என்று நம்பி இறங்குகிறவர், அந்த 11,000 ரூபாய் இடைவெளியைத் தம் சாப்பாட்டுச் செலவில் இருந்துதான் நிரப்புகிறார். இந்த வேலையில் புதிதாக இறங்குகிறவருக்கு நான் சொல்லக்கூடியது இதுதான்: வாடகையை நம்பிக் கடன் வாங்க வேண்டாம். ஆறு மாதம் பூட்டிக் கிடந்தாலும் நம் அடுப்பு எரியும் என்ற நிலையில் இருப்பவரால்தான், வாடகை ஒரு மாதம் தாமதமானாலும் குடியிருப்பவரிடம் மனிதராக நடந்துகொள்ள முடியும். அந்த நிலையில் இல்லாதவருக்கு மனம் நல்லதாகவே இருந்தாலும் நாக்கு தடித்துப்போகிறது.

வரவு இவ்வளவு குறைவு என்றால், எதற்காகத்தான் வீடு? நிலத்தின் விலை ஏறும் என்பார்கள், ஏறலாம். அதற்கு வெறும் மனையே போதும், நாலு சுவர் வேண்டியதில்லை. சுவர் எழுப்பி, கதவு வைத்து, ஒருவரை உள்ளே அழைக்கும்போது நாம் பணம் போட்டு வைக்கிற காரியத்தைக் கடந்து வேறொன்றுக்குள் காலெடுத்து வைக்கிறோம். ஒரு பொருளை வைத்திருப்பதும் அதை அனுபவிப்பதும் ஒன்று என்றே நாம் வளர்ந்திருக்கிறோம். நகை இருந்தால் அணிகிறோம். வயல் இருந்தால் உழுகிறோம். வாடகை வீடு இந்த இரண்டையும் பிரித்து, வைத்திருப்பதை ஒரு கையிலும் அனுபவிப்பதை இன்னொரு கையிலும் கொடுக்கிறது. அந்தப் பிரிவை உள்ளபடி ஏற்றுக்கொள்ளும் மனம் நமக்கு வாய்த்திருக்கிறதா என்பதுதான் கேள்வி.

சேத்தூர் மண்ணுக்கு அந்தப் பிரிவு புதிதன்று. இது ஜமீன் ஊர். ஒரே வயலின் விளைச்சலில் ஜமீனுக்குச் சேர்ந்த பங்கை மேல்வாரம் என்றும், உழுத குடிக்கு உரிய பங்கைக் குடிவாரம் என்றும் பிரித்த காலம் ஒன்று உண்டு. உழுகிற குடியை நினைத்தபோது வெளியேற்ற முடியாதபடி 1908-ஆம் ஆண்டின் சென்னை எஸ்டேட் நிலச் சட்டம் நிலைத்த உரிமை கொடுத்தது. 1948-இல் வந்த சட்டம் ஜமீன்தாரி முறையையே ஒழித்து, நிலங்களை, அரசுக்கு நேராகத் தீர்வை கட்டும் ரயத்துவாரி முறைக்குக் கொண்டுவந்தது. அந்த நாற்பது ஆண்டுகளில் சட்டம் மெல்ல ஒத்துக்கொண்ட உண்மை ஒன்று உண்டு. பெயர் எழுதியிருப்பவனுக்கு ஓர் உரிமை இருப்பதைப் போலவே, அந்த மண்ணில் நின்று அதன் ஈரமும் மேடுபள்ளமும் அறிந்தவனுக்கும் ஓர் உரிமை இருக்கிறது. இரண்டாவது உரிமை முதலாவதன் தயவால் வந்ததன்று, வாழ்ந்ததால் வந்தது.

வீட்டுக் குடிக்கு அப்படி நிலைத்த உரிமை சட்டத்தில் இல்லை. இருக்க வேண்டும் என்று நான் வாதாடவும் இல்லை. ஒப்பந்தக் காலம் முடிந்தால் வீட்டைக் கேட்கலாம், கேட்டால் அவர்கள் தரவேண்டும். நான் சொல்வது மனத்துக்குள் நடக்க வேண்டிய பங்கீடு. வாடகையும் விலையேற்றமும் நம்முடைய மேல்வாரம். எந்த மூலையில் ஒழுகும், எந்தப் பக்கம் காற்று வரும், எந்தச் சுவரில் சாமி படம் இருக்கும் என்பது அவர்களின் குடிவாரம். சாவியைக் கொடுத்த பிறகும் இரண்டு பங்கும் நமதே என்று நினைக்கிறவர், வீட்டை வாடகைக்கு விட்டும் விடாதவராகவே இருக்கிறார்.

என் தகப்பனார் மூன்று வீடுகளின் இரண்டாவது சாவிகளையும் எங்கள் வீட்டுக் கதவுக்குப் பின்னால் மாட்டி வைத்திருந்தார். ஆபத்துக்கு வேண்டும் என்பார். ஒருமுறை அந்தக் குடும்பம் கோயில் கொடைக்கு ஊருக்குப் போயிருந்தபோது, குழாயை மூடாமல் போய் உள்ளே தண்ணீர் விழும் சத்தம் கேட்டது. திறந்து போய் மூடிவிட்டு, தரையில் நின்ற தண்ணீரையும் தள்ளிவிட்டு வந்தார். மூன்று நாள் கழித்து அவர்கள் திரும்பி வந்ததும் விஷயத்தைச் சொன்னார். அந்த அம்மா "சரிங்க அண்ணாச்சி" என்றார், வேறொன்றும் சொல்லவில்லை. மறுநாள் கதவில் புதுப் பூட்டுத் தொங்கியது.

தகப்பனாருக்கு அது பெரிய வருத்தம். நல்லதுதானே செய்தேன் என்று பல நாள் சொல்லிக்கொண்டிருந்தார். அவர் செய்தது நல்லதுதான். ஆனால் அன்று அந்த அம்மா என்ன நினைத்திருப்பார் என்பது எனக்கு இப்போது புரிகிறது. கொடியில் துணி கிடந்திருக்கும். பாத்திரம் கழுவாமல் இருந்திருக்கும். அரிசிப் பானைக்குள் ஏதாவது ரூபாய் இருந்திருக்கலாம், இல்லாமலும் இருந்திருக்கலாம். எதுவும் குறையவில்லை, ஆனாலும் தான் இல்லாத நேரத்தில் இன்னொருவர் அந்த அறையில் நின்றார் என்பது தெரிந்த பிறகு, அந்த அறை பழையபடி தன்னுடையதாக இல்லை. நுழைவதற்கு இருபத்துநான்கு மணி நேரம் முன்னால் எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று இப்போதைய தமிழ்நாட்டுச் சட்டம் வீட்டுக்காரருக்குச் சொல்கிறது. 1960-ஆம் ஆண்டு வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டத்தின் இடத்தில் 2017-இல் இயற்றப்பட்டு, 2019 பிப்ரவரியில் நடைமுறைக்கு வந்த சட்டம் அது. ஒப்பந்தம் எழுத்தில் இருக்க வேண்டும், வாடகை அதிகாரியிடம் பதிய வேண்டும், வேறு மாதிரி ஒத்துக்கொள்ளாவிட்டால் முன்பணம் மூன்று மாத வாடகைக்கு மேல் போகக் கூடாது, சண்டை வந்தாலும் தண்ணீரையும் மின்சாரத்தையும் நிறுத்தக் கூடாது என்றெல்லாம் அதில் இருக்கிறது. பதினொரு மாதத்துக்கு முத்திரைத்தாளில் எழுதி மடித்து வைத்தால் போதும் என்ற பழைய வழக்கத்திலேயே நம் ஊர்கள் இன்னும் இருக்கின்றன. அது பெரும்பாலும் அறியாமையால். சட்டத்தைப் படித்துப் பார்த்தால், நல்ல வீட்டுக்காரர் ஒருவர் தானாகவே செய்யக்கூடியவைதான் அதில் எழுதியிருக்கின்றன.

ஒத்தியைப் பற்றிச் சற்று நின்று சொல்ல வேண்டும். நம் பக்கம் மாத வாடகைக்குப் பதிலாக மூன்று லட்சம், நான்கு லட்சம் என்று மொத்தமாக வாங்கிக்கொண்டு வீட்டை ஒத்திக்கு விடுவது சகஜம். இருக்கிறவருக்கு வாடகை இல்லை, வாங்கியவருக்கு வட்டி இல்லை. தவணை முடிந்தால் பணத்தைக் கொடுத்து வீட்டைத் திருப்பிக்கொள்ளலாம். கேட்க எளிமையாக இருக்கிறது. ஆனால் அந்தப் பணம் கைக்கு வந்த வாரமே ஒரு கல்யாணத்துக்கோ ஒரு கடனுக்கோ போய்விடுகிறது. மூன்றாண்டு முடிந்து அவர்கள் காலி செய்கிறோம் என்று சொல்லும்போது, அடுத்த ஒத்திக்காரர் கிடைத்தால்தான் முந்தியவருக்குப் பணம். மில் கூலியில் பத்து ஆண்டு சேர்த்தது, பெண்டாட்டியின் கழுத்தில் இருந்து இறங்கியது, எல்லாம் சேர்ந்த தொகை அது. அதைத் திரும்பப் பெறுவதற்காக அவர்கள் சாமான்களைக் கட்டி வைத்துவிட்டு அதே வீட்டில் மாதக்கணக்கில் காத்துக் கிடப்பதை நான் பார்த்திருக்கிறேன். நூறு ரூபாயும் அதற்கு மேலும் உள்ள ஒத்தியைப் பதிவு செய்ய வேண்டும் என்பது 1882-ஆம் ஆண்டுச் சொத்துரிமை மாற்றுச் சட்டத்திலேயே இருக்கிறது. வெறும் தாளில் எழுதி விடுகிறோம். ஒத்திப் பணம் நம் வீட்டில் தங்க வந்த பிறர் பணம். அவர்கள் நம் வீட்டை எப்படி வைத்திருக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறோமோ, அப்படி அவர்கள் பணத்தை நாம் வைத்திருக்க வேண்டும். முதன்முதலாக வீடு விடுகிறவர், அந்தத் தொகையை வங்கியில் அப்படியே போட்டுவைக்க முடியாத நிலையில் இருந்தால், ஒத்திக்கு விடாமல் இருப்பதே நல்லது.

மின்சாரத்திலும் இப்படி ஒன்று நடந்தது. எங்கள் வளவுக்கு ஒரே சர்வீஸ், உள்ளே மூன்று சப்-மீட்டர். 2016-இல் இரண்டு மாதத்துக்கு முதல் 100 யூனிட்டுக்குக் கட்டணம் இல்லை என்று அரசு அறிவித்தது. மூன்று குடும்பங்கள் ஒரே இணைப்பில் இருந்ததால் அந்த நூறு ஒருமுறைதான் கழிந்தது; மூவரும் எரித்ததும் ஒன்றாகக் கூடி, கட்டணம் உயர்ந்த படிக்கு ஏறியது. நாங்கள் யூனிட்டுக்கு இவ்வளவு என்று ஒரே விலையாக வசூலித்துக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அந்த இரவு ஷிப்ட் மனிதர் மெதுவாகக் கேட்டார், "எல்லாருக்கும் நூறு யூனிட் சும்மாங்காங்களே, நமக்கு இல்லையா அண்ணாச்சி?" நாங்கள் ஏமாற்றவில்லை, யோசிக்கவில்லை, அவ்வளவுதான். ஆனால் யோசிக்காமல் இருக்கும் வசதி வீட்டுக்காரருக்கு மட்டுமே கிடைக்கிறது, அதன் செலவு குடியிருப்பவர் தலையில் விழுகிறது. வீட்டுக்கு ஒரு சர்வீஸ் வாங்கப் பணமும் அலைச்சலும் ஆயிற்று. வீடு கட்டும்போதே அதைச் செய்திருந்தால் அந்தக் கேள்வியை அவர் கேட்டிருக்க வேண்டியதில்லை.

1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். பின்னால் நூற்பாலைகள் பெருகின, சத்திரப்பட்டியில் பேண்டேஜ் துணித் தறிகள் ஓடின, தளவாய்புரத்தில் நைட்டி தைக்கும் கூடங்கள் வந்தன. அவற்றோடுதான் நம் ஊர்களில் வாடகைக்குக் குடியிருக்கிற ஒரு பெரிய ஜனம் உருவாயிற்று. பிழைப்புத் தேடி வந்தவர்கள். இன்று வடக்கே ஒடிசாவில் இருந்தும் பீகாரில் இருந்தும் வருகிறார்கள். வீடு கேட்டு வாசலில் நிற்பவரிடம் நாம் வாடகையைச் சொல்வதற்கு முன்னால் கேட்கிற கேள்வி ஒன்று உண்டு: "நீங்க என்ன ஆளுக?" நேராகக் கேட்கக் கூச்சப்படுகிறவர்கள் சொந்த ஊரைக் கேட்டு, தெருவைக் கேட்டு, கறி சமைப்பீர்களா என்று கேட்டு அதே இடத்துக்கு வந்து சேர்கிறார்கள். கணவனை இழந்து பிள்ளையோடு வந்த பெண்ணிடம் "வீட்டுல பேசிட்டுச் சொல்றோம்" என்கிறார்கள், பிறகு சொல்வதில்லை. இதைப் படிக்கிற நாம் யாரும் இதற்கு வெளியே இல்லை. எங்கள் வளவிலும் அந்தக் கேள்வி கேட்கப்பட்டிருக்கிறது, நான் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறேன். ஒருவர் ஒழுங்காக வாடகை தருவாரா என்று அறிய அவர் வேலை செய்யும் இடத்தை விசாரிக்கலாம், முன்பு இருந்த வீட்டுக்காரரை விசாரிக்கலாம். பிறப்பை விசாரித்து எதை அறிகிறோம்? சொந்த மண்ணில் ஒரு பிடியும் இல்லாததால்தான் ஒருவர் பிறர் வாசலில் வந்து நிற்கிறார். அங்கேயும் அவருடைய தாத்தாவைக் கேட்டுவிட்டுக் கதவைச் சாத்தினால், அந்த வீடு எந்தப் பத்திரத்தால் நம்முடையது ஆயிற்றோ அந்தப் பத்திரத்தின் மேலேயே ஒரு கறை படிகிறது.

உடைமை என்ற சொல்லை நாம் பெரும்பாலும் உரிமையின் பக்கத்திலிருந்தே பார்க்கிறோம். நமக்கு என்ன கிடைக்கும், யாரை விலக்கலாம், எப்போது திரும்பப் பெறலாம் என்று. ஆனால் வாடகைக்கு விட்ட ஒரு வீட்டின் முன்னால் நின்று யோசிக்கும்போது, அந்த வீட்டில் நாம் தூங்குவதில்லை, சமைப்பதில்லை, மழை பெய்தால் அதன் கீழ் ஒதுங்குவதுகூட இல்லை என்பது தெரிகிறது. அனுபவம் முழுவதையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்ட பிறகு, கூரை ஒழுகினால் ஆள் அனுப்ப வேண்டியவன், தீர்வை கட்ட வேண்டியவன், சுவர் விழுந்தால் பதில் சொல்ல வேண்டியவன் என்ற இடத்தில் மட்டும் நாம் மிஞ்சி நிற்கிறோம். அப்படியானால் உடைமையிலிருந்து அனுபவத்தை முற்றிலும் கழித்துவிட்டால் எஞ்சுவது பொறுப்பு ஒன்றே என்றும், நிலமோ பணமோ பதவியோ எதுவானாலும் நாம் நமதென்று சொல்லிக்கொள்ளும் ஒவ்வொன்றின் அடியிலும் கண்ணுக்குத் தெரியாமல் இருந்துவந்தது அந்தப் பொறுப்புதான் என்றும், அனுபவம் அதை மூடி வைத்திருந்ததால் இதுவரை நாம் அதைக் காணவில்லை என்றும் தோன்றுகிறது. இதைப் பாரமாக எண்ணுகிறவர் இந்த வேலைக்கு வராமல் வைப்புநிதியில் பணத்தைப் போட்டுவிடலாம். அதில் குறைவு ஒன்றும் இல்லை.

தீராத வழக்குகள் போய்ச் சேரும் மாவட்ட நீதிமன்றம் நமக்குத் திருவில்லிபுத்தூரில் இருக்கிறது. அங்கே நடையாய் நடக்கும் வீட்டுக்காரரும் குடியிருப்பவரும் ஒரு காலத்தில் ஒரே அடுப்பில் காய்ச்சிய பாலைக் குடித்தவர்கள். எந்தக் கணத்தில் அது திரிந்தது என்று அவர்களைக் கேட்டால் வாடகை பாக்கியைச் சொல்வார்கள், உடைந்த குழாயைச் சொல்வார்கள். அதற்கும் முன்னால், யாரோ ஒருவர் மற்றவருடைய பங்கில் கை வைத்த ஒரு சின்ன நாள் இருந்திருக்கும்.

மூன்றாவது வீட்டுக்கு வெள்ளை அடித்து முடிந்தது. பதினொரு துளைகளும் மறைந்துவிட்டன. ஆவணியில் புதிதாக ஒரு குடும்பம் வந்தது. தளவாய்புரத்தில் தையல் வேலை பார்க்கும் பெண், அவருடைய தாயார், பள்ளிக்கூடம் போகும் ஒரு பையன். பால் காய்ச்சிய பிறகு சாவியைக் கொடுத்தேன். கதவுக்குப் பின்னால் மாட்டியிருந்த இரண்டாவது சாவியையும் எடுத்து வந்து கையில் வைத்தபோது, அந்தப் பெண் ஒன்றும் புரியாமல் என்னைப் பார்த்தார்.

நான் வாசல் வரை வந்துவிட்டேன். உள்ளேயிருந்து தாயார் கேட்டார்: "சாமி படத்துக்கு ஒரே ஒரு ஆணி அடிச்சுக்கிடலாமா அண்ணாச்சி?"

திரும்பிப் போய், கிழக்குச் சுவரில் எந்த இடத்தில் வயர் ஓடுகிறது, எந்த இடத்தில் செங்கல் கெட்டியாக இருக்கிறது என்று கையால் தட்டிக் காட்டினேன்.